பைத்தான் நிரலில் கிளிப்போர்டைக் கையாளுதல்

ஒரு நிரல் தான் தயாரித்த உரையைத் திரையில் காட்டுவதோடு நின்றுவிட்டால், அதைச் சுட்டியால் தேர்ந்தெடுத்து நகலெடுக்கும் வேலை பயனரின் தலையில் விழுகிறது. உரையை நிரலே கிளிப்போர்டில் வைத்துவிட்டால், வேண்டிய இடத்தில் அவர் ஒட்டிக்கொள்ளலாம். பைத்தானுடன் வரும் நூலகங்களில் இதற்கென்று தனி மாட்யூல் கிடையாது. சாளரங்களை உருவாக்கும் டிகின்டரில் வசதி உண்டு என்றாலும், சாளரமே இல்லாத நிரலுக்குப் பைப்பர்கிளிப் என்னும் சிறு நூலகமே எளிது.

பிப் கட்டளையால் அதை நிறுவி, நிரலின் தொடக்கத்தில் இம்போர்ட் செய்துகொண்டால், பெரும்பாலும் தேவைப்படுபவை இரண்டே செயற்கூறுகள். காப்பி என்பதற்கு ஒரு சரத்தை, அதாவது எழுத்துகளின் தொடரைக் கொடுத்தால் அது கிளிப்போர்டுக்குச் செல்லும். பேஸ்ட் என்பதை அடைப்புக்குறிக்குள் எதுவும் இடாமல் அழைத்தால் அங்குள்ள உரை சரமாகத் திரும்பி வரும். எண்ணைக் கொடுத்தால் காப்பி அதைச் சரமாக மாற்றிக்கொள்ளும். பட்டியலை ஏற்காது, ஆகவே அதை ஜாயின் கொண்டு முதலில் ஒரே சரமாக்க வேண்டும்.

பயிற்சிக்கு, நகலெடுத்த உரையிலுள்ள வெற்று வரிகளை நீக்கித் திரும்ப வைக்கும் நிரலை எழுதிப் பாருங்கள். பேஸ்ட் தரும் சரத்தை வரிகளாகப் பிரித்து, ஓரங்களிலுள்ள வெற்றிடங்களை ஸ்ட்ரிப் கொண்டு நீக்கிய பின்பும் எழுத்து எஞ்சியிருக்கும் வரிகளை மட்டும் இணைத்துக் காப்பியிடம் கொடுத்தால் போதும். பிரிப்பதற்கு ஸ்ப்ளிட்லைன்ஸையே பயன்படுத்துங்கள். விண்டோஸில் வரிமுடிவு பொதுவாக இரண்டு குறிகளால் ஆனது; புதுவரிக் குறியை மட்டும் வைத்து ஸ்ப்ளிட் செய்தால், கண்ணுக்குத் தெரியாத மற்றொரு குறி ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒட்டிக்கொண்டு நிற்கும்; பின்னர் இரண்டு சரங்களை ஒப்பிடும்போது அவை ஏன் சமமாகவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்ள நேரும்.

விண்டோஸிலும் மேக்கிலும் எழுதிய நிரல் லினக்ஸில் மட்டும் தடுமாறுவதற்குக் காரணம், நகலெடுத்த உரை யாருடைய கையில் இருக்கிறது என்பதுதான். முதல் இரண்டிலும் உரையை இயங்குதளமே வாங்கி வைத்துக்கொள்கிறது. லினக்ஸில் சாளரங்களைத் திரையில் காட்டும் எக்ஸ்11 முறையில் அப்படி ஒரு கிடங்கு இல்லை. நகலெடுத்த செயலி ‘உரை என்னிடம் இருக்கிறது’ என்று அறிவிக்கிறது, ஒட்ட விரும்பும் செயலி அதனிடம் கேட்டு வாங்குகிறது. கொடுக்க வேண்டிய செயலி மூடப்பட்டால் உரையும் போய்விடும். டிகின்டரால் நகலெடுத்துவிட்டு நிரல் உடனே முடிந்தால் ஒட்டுவதற்கு ஒன்றும் இல்லாமற்போவது இதனால்தான். நகலெடுத்தவற்றைத் தானே வாங்கிச் சேமிக்கும் கிளிப்போர்டு மேலாளர் ஒன்று இயங்கிக்கொண்டிருந்தால் மட்டும் தப்பலாம். லினக்ஸில் பைப்பர்கிளிப் துணைக்கு அழைக்கும் எக்ஸ்கிளிப் கட்டளையோ பின்னணியில் தங்கியிருந்து, கேட்பவருக்கு உரையைக் கொடுக்கிறது. ஆகவே லினக்ஸில் எக்ஸ்கிளிப் அல்லது எக்ஸ்செல், எக்ஸ்11-க்கு மாற்றான வேலண்டு என்றால் டபிள்யூஎல்-கிளிப்போர்டு, இவற்றில் பொருத்தமானதை நிறுவாவிட்டால் பைப்பர்கிளிப் பிழை எழுப்பும்.

விண்டோஸுக்கு வேறொரு சிக்கல் உண்டு. ஒரு நேரத்தில் ஒரு செயலிதான் கிளிப்போர்டைத் திறந்து வைத்திருக்க முடியும். பைப்பர்கிளிப் அரை வினாடி வரை முயன்று பார்த்துவிட்டுத்தான் கைவிட்டுப் பிழை எழுப்புகிறது. நெடுநேரம் இயங்கும் நிரலாக இருந்தால், அந்தப் பிழையை ட்ரை, எக்செப்ட் கொண்டு பிடித்துச் சற்றுப் பொறுத்து மீண்டும் முயல்வது நல்லது.

நூலகமே வேண்டாம் என்று, வெளிக் கட்டளைகளை இயக்கும் பைத்தானின் சப்பிராசஸ் மாட்யூல் வழியாக விண்டோஸின் கிளிப் கட்டளைக்கு உரையை அனுப்புவோர் குறியாக்கத்தை, அதாவது எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் முறையைக் கவனிக்க வேண்டும். யூடிஎஃப்-8 பைட்டுகளாக அனுப்பினால் தமிழ் எழுத்துகள் பொதுவாகச் சிதைந்துவிடும். யூடிஎஃப்-16 ஆக அனுப்பினால் சரியாக வரும்.

கிளிப்போர்டு உங்கள் நிரலுக்கு மட்டும் சொந்தமானதன்று. பயனர் கேட்காமல் அதில் எழுதுவது, அவர் எடுத்து வைத்திருந்ததை அழிப்பதாகும். பழைய உரையைப் பேஸ்ட் மூலம் மாறியில் சேமித்துவிட்டு, வேலை முடிந்ததும் திரும்ப வைக்கும் உத்தியைப் பலர் கையாள்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பைப்பர்கிளிப் அறிந்தது வெறும் உரையை மட்டுமே. அங்கே இருந்தது படமாக இருந்தால் அது மாறிக்குள் வராது, உங்கள் உரை அதன் மேல் எழுதப்பட்ட பிறகு மீட்கவும் முடியாது. எழுத்துருவும் நிறமும் கொண்ட உரைகூட வெற்றுரையாகவே திரும்பும்.

கடவுச்சொல்லைக் கிளிப்போர்டில் வைத்துவிட்டுச் சில வினாடிகளில் வெற்றுச் சரத்தால் மூடிவிடுவதும் முழுப் பாதுகாப்பு அன்று. விண்டோஸ் 10-இல் 2018 அக்டோபர் மேம்படுத்தலுடன் வந்த கிளிப்போர்டு வரலாறு வசதியைப் பயனர் இயக்கியிருந்தால், நீங்கள் அழித்த பின்பும் விண்டோஸ்-வி விசைகளை அழுத்துபவர் கண்ணில் அந்தக் கடவுச்சொல் படும். வரலாற்றில் சேர்க்க வேண்டாம் என்று குறிப்பதற்கு விண்டோஸில் தனி வடிவக் குறிகள் உள்ளன; ஆனால் பைப்பர்கிளிப் அவற்றை இடுவதில்லை. எனவே அத்தகைய நிரலுக்கு நிரல்களுக்காக விண்டோஸ் தரும் செயற்கூறுகளான ஏபிஐயையே நேரடியாக அழைக்க வேண்டியிருக்கும்.