டவர் எடுக்காத போனை மாற்றுவதற்கு முன்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பந்தல், சாமியானா, நாற்காலி வாடகைக்கு விடுகிறேன். போன ஆவணியில் நெல்லிக்குப்பம் கல்யாண ஆர்டர் ஒன்று கைவிட்டுப் போனது. "நாலு தடவை அடிச்சேன் அண்ணே, நாட் ரீச்சபிள்னே வந்துச்சு" என்றார் பெண்ணின் மாமா. புது போன் வாங்க அன்றைக்கே 18,000 ரூபாய் எடுத்து வைத்தேன். நல்லவேளை, கடைக்குப் போகவில்லை.

முதலில், மேலே தெரியும் கோடுகளை நம்பாதீர்கள். எவ்வளவு டவருக்கு எத்தனை கோடு என்பது ஒவ்வொரு போன் கம்பெனியும் தானே போட்டுக்கொள்ளும் கணக்கு. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், அபவுட் போன், சிம் ஸ்டேட்டஸ் என்று உள்ளே போனால் சிக்னல் அளவு டிபிஎம் என்ற அலகில் இருக்கும். மைனஸ் எண்தான். 4ஜியில் -90 வாக்கில் இருந்தால் தாராளமாகப் பேசலாம். -110க்கும் கீழே இறங்கினால் திணறல். 10 இறங்கினால் பலம் பத்தில் ஒரு பங்காகிவிடும்.

அப்புறம், வீட்டில் இன்னொரு போனைக் கடன் வாங்குங்கள். நான் மனைவியின் போனை வாங்கினேன். என் சிம்மையே இரண்டிலும் மாற்றி மாற்றிப் போட்டேன். ஒரே இடம், ஒரே நாற்காலி, கவரைக் கழற்றிவிட்டு. ஒவ்வொரு தடவையும் ஏரோபிளேன் மோடு போட்டு எடுத்து, ஒரு நிமிடம் விட்டுத்தான் எண்ணைக் குறிக்க வேண்டும். இரண்டும் 4ஜியில் நிற்கிறதா என்றும் பாருங்கள். ஒன்று 2ஜிக்கு இறங்கியிருந்தால் ஒப்பிடவே முடியாது. வாடகை பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிய கணக்கு இது. வீட்டு மொட்டை மாடியில் அவள் போன் -88, என்னுடையது -105. பாடலீஸ்வரர் சன்னதித் தெருவில் -84, -101. முதுநகர் குடோனில் அவளுடையது -113, என்னுடையதில் நெட்வொர்க்கே இல்லை.

முதல் இரண்டு இடத்திலும் அதே 17 வித்தியாசம். அதாவது ஐம்பதில் ஒரு பங்குதான் எனக்கு வருகிறது. சிம்மும் இடமும் ஒன்றுதானே, அப்போது கோளாறு போனில்தான். யோசித்துப் பார்த்தால், ஆடியில் பேட்டரி மாற்றக் கொடுத்து வாங்கிய பிறகுதான் இந்தத் தொல்லை. வேறொரு கடையில் பின்மூடியைத் திறந்து காட்டினார்கள். கீழ் சர்க்யூட் பலகையிலிருந்து மேல் பலகைக்கு நூல் போல ஓர் ஆன்டெனா ஒயர் போகிறது. அதன் நுனியைச் சட்டை பட்டன் மாதிரி அழுத்திவிட வேண்டும். முன்பு திறந்தவர் அழுத்தவில்லை. 200 ரூபாயோடு முடிந்தது. மாடியில் மறுபடி அளந்தேன், -90.

இரண்டு போனுமே திணறினால் புது போனுக்கு அங்கே வேலையில்லை. வேறு கம்பெனி சிம் போட்டுப் பாருங்கள்; அதில் நன்றாக எடுத்தால் நம்பரை மாற்றாமலே கம்பெனியை மாற்றிக்கொள்ளலாம். என் குடோனில் அதுவும் பலிக்கவில்லை. தகரக் கூரை, உள்ளே இரும்பு பைப் அடுக்கு, எந்த டவர்தான் நுழையும்? டவர் இல்லாமல் வைஃபை வழியாகவே பேச வைக்கும் வைஃபை காலிங்கை மகன் ஆன் செய்துவிட்டான். பக்கத்து ஐஸ் கம்பெனிக்காரர் பாஸ்வேர்டு கொடுத்தார், அவர் வீட்டு வளைகாப்புக்கு நான் நாற்காலி வாடகை வாங்கவில்லை.

சரி, எப்போதுதான் மாற்றுவது? 4ஜியிலேயே பேச வைக்கும் வோல்ட்இ இல்லாத பழைய போன் என்றால் யோசிக்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். தேவனாம்பட்டினம் கடலில் விழுந்து பலகை பச்சை பூத்துவிட்டதென்றால், ரிப்பேருக்குக் கொடுக்கும் காசு பெரும்பாலும் தண்டம். இன்னொன்று பேண்ட், அதாவது சிக்னல் வரும் அலைவரிசை. பிஎஸ்என்எல் 4ஜி 700 மெகாஹெர்ட்ஸிலும் வருகிறது, அது பேண்ட் 28. சுவரைத் தாண்டி உள்ளே வருவதில் அது கெட்டி. ஆனால் அந்த பேண்ட் இல்லாத போனில் எந்தக் கடைக்காரராலும் அதைச் சேர்க்க முடியாது. வாங்கும் முன் மாடல் எண்ணைப் போட்டு, போன் கம்பெனியின் இணையதளத்தில் பேண்ட் பட்டியலைப் பார்த்துவிடுங்கள். பிஎஸ்என்எல் சிம் வைத்திருக்கும் என் மைத்துனர் பார்க்கவில்லை. கேமராவை மட்டும் பார்த்தார். இப்போது போன் வந்தால் வாசலுக்கு ஓடுகிறார்.