கோவையிலிருந்து கொச்சிக்குப் போய் ஒரு ஃபுட்பால் மேட்ச் பார்த்துவிட்டு வருவது எப்படி?

நம்ம கொங்குப் பக்கம் டிவியில் ஃபுட்பால் பார்க்கிறவர்களுக்குக் குறைவே இல்லை. ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து உட்கார்ந்து ஐரோப்பிய மேட்ச் பார்க்கிற பையன்கள் பல்லடத்திலும் இருக்கிறார்கள், கோபியிலும் இருக்கிறார்கள். ஆனால் நேரில் போய் ஒரு முழு மேட்ச் பார்த்திருக்கிறாயா என்று கேட்டால் பாதிப் பேர் இல்லை என்றுதான் சொல்வார்கள். 2018-19 சீசனில் அந்தக் குறை இருக்கவில்லை, ஏனென்றால் சென்னை சிட்டி எஃப்சி தன்னுடைய சொந்த ஊர் ஆட்டங்களைக் கோவை நேரு ஸ்டேடியத்தில்தான் ஆடியது, அதன் ஆட்டக்காரர் பெத்ரோ மான்சி அந்த வருஷ ஐ-லீக் என்கிற தேசிய லீக்கில் 21 கோல் அடித்தார், 2019 மார்ச் 9-ஆம் தேதி மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று நம்ம ஊர் மண்ணிலேயே அந்த அணி சாம்பியன் ஆனது. இப்போது அந்த அணி தேசிய லீக்கில் இல்லை. அதனால் நாம்தான் கிளம்பிப் போக வேண்டும்.

எங்கே போவது? ஐஎஸ்எல் என்கிற இந்தியன் சூப்பர் லீக்கில் ஆடுகிற இன்னொரு சென்னை அணி 'சென்னையின் எஃப்சி'. அதைச் சென்னையில் பார்க்க வேண்டுமென்றால் ஐந்நூறு கிலோமீட்டர். அதே அணி கேரளத்து அணியான கேரளா பிளாஸ்டர்ஸோடு ஆடக் கொச்சிக்கு வரும்போது பார்த்தால் இருநூறுக்கும் குறைவு. நம்ம அணியை அடுத்த மாநிலத்தில் விருந்தாளியாகப் போய்ப் பார்ப்பதுதான் நமக்குப் பக்கம்! முதல் மேட்சுக்கு இதைவிட நல்லது கிடையாது என்பது என் கருத்து, ஏனென்றால் கொச்சிக் கூட்டத்தின் சத்தத்தை ஒரு தடவையாவது காதால் கேட்க வேண்டும்.

முதலில் திரும்பி வருகிற வழி

எல்லோரும் மேட்ச் டிக்கெட்டில் இருந்து ஆரம்பிப்பார்கள். நீங்கள் ராத்திரி எப்படி வீடு வந்து சேர்வது என்பதில் இருந்து ஆரம்பியுங்கள். ஐஎஸ்எல் ஆட்டங்கள் பெரும்பாலும் மாலை ஏழரை மணிக்குத் தொடங்கும். ஒரு பாதி 45 நிமிடம், நடுவில் 15 நிமிட இடைவேளை, மறுபடி 45, அதற்கு மேல் ரெஃப்ரி சேர்க்கிற நேரம் என்று கணக்குப் போட்டால் முடியும்போது ஒன்பதரை ஆகிவிடும். வெளியே வர இன்னும் அரை மணி நேரம். ஆக, பத்தரைக்கு முன்னால் எர்ணாகுளத்தை விட்டுக் கிளம்புகிற எந்த வண்டியிலும் சீட் போடாதீர்கள். எண்பதாவது நிமிடத்தில் வாட்சைப் பார்த்துக்கொண்டு எழுந்து போகிறவர்களை ஒவ்வொரு மேட்சிலும் பார்க்கலாம், கடைசிப் பத்து நிமிடத்தில் விழுகிற கோல் அவர்களுக்குக் கிடைப்பதே இல்லை.

ராத்திரி பஸ் அல்லது தாமதமாகக் கிளம்புகிற ரயில், இரண்டில் எது கிடைக்கிறதோ அதை முதலில் போட்டுவிடுங்கள். கிடைக்கவில்லை என்றால் எர்ணாகுளம் நார்த் ஸ்டேஷன் பக்கம் ஒரு ரூம் போட்டுத் தங்கிவிட்டுக் காலையில் வரலாம். ஞாயிற்றுக்கிழமை மேட்ச் என்றால் திங்கள் காலையில் மில்லிலோ ஆபீசிலோ அரை நாள் லீவு சொல்லிவிடுங்கள். தூக்கம் கெட்ட உடம்போடு தறியிலோ லேத்திலோ நிற்க வேண்டாம்.

மேட்ச் டிக்கெட்

டிக்கெட் ஆன்லைனில்தான் விற்பார்கள். எந்த ஆப்பில் என்பது சீசனுக்குச் சீசன் மாறும், அதனால் சொந்த ஊரில் ஆடுகிற அணியின், அதாவது பிளாஸ்டர்ஸின், அதிகாரப்பூர்வப் பக்கத்தில் என்ன லிங்க் கொடுத்திருக்கிறார்களோ அதில் மட்டும் வாங்குங்கள். மைதானத்து வாசலில் இரண்டு மடங்கு விலை சொல்கிறவர்களிடம் வாங்க வேண்டாம், ஒரே கியூஆர் கோடை நாலு பேருக்கு விற்றிருந்தால் முதலில் ஸ்கேன் பண்ணினவர் உள்ளே போவார், மற்ற மூன்று பேர் வெளியே நிற்பார்கள். டிக்கெட்டில் தேதியோடு மைதானத்தின் பெயரையும் படித்துப் பாருங்கள். அணிகள் சொந்த மைதானத்தை மாற்றுவது சாதாரணம், சென்னை சிட்டி கோவைக்கு வந்ததே அப்படித்தான். இங்கே நான் சொல்வதெல்லாம் கொச்சி கலூர் ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்தில் நடக்கிற மேட்சுக்கு.

எந்த இடத்தில் உட்காருவது என்பதுதான் முக்கியமான முடிவு. கலூர் ஸ்டேடியம் கிரிக்கெட்டும் ஆடுகிற மாதிரி வட்டமாகக் கட்டியது, ஃபுட்பால் கிரவுண்டோ நீள்சதுரம். அதனால் கீழ் வரிசையில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருந்து பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள், கோட்டுக்கும் உங்களுக்கும் நடுவில் நிறைய இடம் இருக்கும், பந்து அந்தப் பக்கம் போனால் தலைகள்தான் தெரியும். மேலே போங்கள். நீளவாக்கில், நடுக்கோட்டுக்கு நேராக, மேல் அடுக்கில் இடம் கிடைத்தால் மொத்த ஆட்டமும் விரித்து வைத்த கோலம் போலத் தெரியும். விலை குறைவாக இருக்கிறதென்று கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் வாங்கினால் எதிர்ப்பக்கக் கோல் விழுந்ததைச் சத்தம் கேட்டுத்தான் தெரிந்துகொள்வீர்கள்.

கிழக்கு கேலரி மஞ்ஞப்பட என்கிற பிளாஸ்டர்ஸ் ரசிகர் கூட்டத்தின் இடம். தொண்ணூறு நிமிடமும் நின்றுகொண்டே பாடுவார்கள். முதல் தடவை போகிறவர்கள் அதற்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து அந்த மஞ்சள் மதிலை முழுசாகப் பார்ப்பதுதான் சுகம்.

போகிற வழி

கோயம்புத்தூர் ஜங்ஷனில் இருந்து எர்ணாகுளத்துக்கு ரயிலில் சுமார் நாலு மணி நேரம். ஈரோடு, திருப்பூர்க்காரர்கள் அதே வண்டியில் அங்கேயே ஏறிக்கொள்ளலாம். ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள், சில கேரள வண்டிகள் கோவை ஜங்ஷனுக்கு வராமல் போத்தனூர் வழியாகவே போய்விடும், டிக்கெட்டில் எந்த ஸ்டேஷன் என்று இருக்கிறதோ அங்கே போய் நில்லுங்கள்.

எர்ணாகுளம் வரைக்கும் போகவே தேவையில்லை. ஆலுவாவில் இறங்கிவிடுங்கள். ரயில்வே ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் தள்ளிக் கொச்சி மெட்ரோ தொடங்குகிறது, அதில் ஏறினால் ஜேஎல்என் ஸ்டேடியம் என்று மைதானத்தின் பெயரிலேயே ஒரு ஸ்டேஷன் வரும். இறங்கி நடந்தால் மைதானம். இடப்பள்ளி டிராஃபிக்கில் ஆட்டோவில் உட்கார்ந்து வேர்த்துக்கொண்டு போகிற வேலை மிச்சம்.

காரில் போகிறவர்களுக்கும் இதே யோசனைதான். அவிநாசி, நீலாம்பூர், வாளையாறு, பாலக்காடு, திருச்சூர் என்று தேசிய நெடுஞ்சாலை 544 நேராக ஆலுவாவுக்குக் கொண்டுபோய் விடும். குதிரான் சுரங்கப்பாதை 2021-ல் திறந்த பிறகு அந்த மலையேற்றத்தில் லாரிகளுக்குப் பின்னால் நின்ற காலம் போய்விட்டது. வண்டியை ஆலுவா மெட்ரோ பார்க்கிங்கில் விட்டுவிட்டு மெட்ரோவில் ஏறுங்கள், மேட்ச் அன்றைக்குக் கலூரில் இடம் தேடி அலைய வேண்டாம். பொள்ளாச்சிக்காரர்கள் கோவைக்கு வந்து சுற்ற வேண்டியதில்லை, கோவிந்தாபுரம், நெம்மாறா வழியாக வடக்கஞ்சேரி போய் அதே ரோட்டைப் பிடிக்கலாம்.

மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் அரிசிம்பருப்புச் சாதம் கிளறிக் கட்டிக்கொண்டு போய்விடுங்கள், ஆறினாலும் ருசி கெடாது. அதை மைதானத்துக்குள் கொண்டுபோக முடியாது என்பதால் ரயிலிலேயே முடித்துவிடுங்கள். சாயங்காலம் கலூரில் ஏதாவது ஒரு டீக்கடையில் பழம்பொரியும் டீயும் போதும்.

பையில் என்ன வைப்பது

முடிந்தால் பையே வேண்டாம். தண்ணீர் பாட்டில், ஹெல்மெட், தீப்பெட்டி, லைட்டர் எதையும் உள்ளே விட மாட்டார்கள், பவர் பேங்க்கையும் சில சமயம் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். மொபைலில் நூறு சதவீதம் சார்ஜ், டிக்கெட்டின் ஸ்கிரீன்ஷாட், ஏதாவது ஒரு அடையாள அட்டை, சில்லறையாகக் கொஞ்சம் பணம். அக்டோபர், நவம்பர் என்றால் கொச்சியில் சாயங்கால மழை வரும், குடைக்குப் பதில் மெல்லிய ரெயின்கோட் ஒன்றை மடித்துப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள்.

சட்டை விஷயம். பிளாஸ்டர்ஸ் மஞ்சள், சென்னையின் நீலம். விருந்தணி ரசிகர்களுக்கென்று தனி பிளாக் ஒதுக்கியிருந்தால் அங்கே டிக்கெட் வாங்கி நீலத்தைப் போட்டுக்கொண்டு தொண்டை கட்டும்வரை கத்துங்கள். சென்னையின் ரசிகர் குழுக்கள் வெளியூர் ஆட்டங்களுக்குக் கூட்டமாகப் போவார்கள், முன்கூட்டியே கேட்டால் சேர்த்துக்கொள்வார்கள். தனியாக மஞ்சள் கூட்டத்தின் நடுவில் உட்காரப் போகிறீர்கள் என்றால் வெள்ளையோ சாம்பலோ போட்டுக்கொள்ளுங்கள். நம்ம அணி கோல் அடித்தால் கை தட்டுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எதிரணி ஆளைத் திட்டுவது, பக்கத்தில் இருப்பவரிடம் பழைய தோல்விகளைக் கிளறுவது இதெல்லாம் வேண்டாம். 2014 அரையிறுதியில் கொச்சியில் 3-0 என்று தோற்று, சென்னையில் 3-1 என்று ஜெயித்தும் மொத்தக் கணக்கில் நாம் வெளியேறியது அவர்களுக்கும் நினைவிருக்கும். ஆனால் கோப்பை நம்மிடம் இரண்டு இருக்கிறது, 2015-லும் 2017-18-லும் ஜெயித்தது.

பேச ஆரம்பித்தால் அவர்கள் நல்ல மனுஷர்கள். "எவிடெந்நா?" என்று கேட்ட ஒரு சேட்டனிடம் கோயம்புத்தூர் என்று சொன்னதும், "நிங்ஙளுக்கும் டீம் உண்டாயிருந்நல்லோ" என்று அவரே சென்னை சிட்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். அந்த அணியில் ஆடிய எட்வின் சிட்னி வன்ஸ்பால் பின்னால் சென்னையினுக்குப் போனது வரைக்கும் அவருக்குத் தெரிந்திருந்தது.

உள்ளே போனதும்

ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் சீட்டில் இருங்கள். கோல் கீப்பர்கள்தான் முதலில் பயிற்சிக்கு வருவார்கள். கோச் அடிக்கிற பந்தை விழுந்து பிடித்து, எழுந்து, மறுபடி அடுத்த பக்கம் விழுகிற வேகத்தை டிவியில் யாரும் காட்டுவதில்லை. கழிவறைக்குப் போகிறதென்றால் இப்போதே போய்விட்டு வாருங்கள், இடைவேளையில் வரிசை நீளமாக இருக்கும். அப்படியே எந்த கேட் வழியாக வெளியேறுவது என்பதையும், கூட்டத்தில் பிரிந்துபோனால் எந்த இடத்தில் சந்திப்பது என்பதையும் உங்கள் ஆட்களோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே நெட்வொர்க் சரியாக இருக்காது.

இப்போது ஆட்டம். டிவிக்காரர்கள் பந்தை மட்டும்தான் காட்டுவார்கள், நீங்கள் இவ்வளவு தூரம் வந்தது பந்து இல்லாத இடத்தைப் பார்க்கத்தான். முதல் பத்து நிமிடம் ஒரே ஒரு ஆளைப் பிடித்துக்கொள்ளுங்கள். லெஃப்ட் பேக், அதாவது பின்வரிசையில் இடது ஓரத்தில் ஆடுகிறவரைப் பார்க்கச் சொல்வேன். பந்து வலது ஓரத்தில் இருக்கும்போது இவர் சும்மா நிற்கிறார் என்று தோன்றும், கூர்ந்து பாருங்கள். இரண்டு வினாடிக்கு ஒரு தடவை தோளுக்கு மேல் திரும்பித் தன் பின்னால் யார் நழுவுகிறார்கள் என்று பார்க்கிறார், நாலு எட்டு உள்ளே வருகிறார், பின்வரிசையின் நடுவில் நிற்கிற சென்டர் பேக் கையைக் காட்டினால் ஒரு எட்டுப் பின்னால் போகிறார், பந்து இந்தப் பக்கம் திரும்பிய மறுகணம் கோட்டை ஒட்டி நாற்பது மீட்டர் ஓடுகிறார். பின்வரிசை நாலு பேரும் ஒரு கயிற்றில் கட்டினாற்போல் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவதை மேலே இருந்து பார்த்துவிட்டால் ஆஃப்சைடு என்றால் என்ன என்று யாரும் உங்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை.

அடுத்த பத்து நிமிடம் கோல் கீப்பர். தன் அணி அந்தக் கோடியில் தாக்கும்போது அவர் கோலுக்கு முன்னால் கோடு போட்ட பெட்டியை விட்டு எவ்வளவு தூரம் வெளியே வந்து நிற்கிறார், கத்திக் கத்தி யாரை நகர்த்துகிறார் என்று பாருங்கள். அப்புறம் விட்டுவிடுங்கள், எல்லோரையும் போலப் பந்தின் பின்னால் போங்கள். ஃபோனில் வீடியோ எடுப்பதை மட்டும் தேசிய கீதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கண்ணை எடுத்த நேரத்தில் கோல் விழுந்துவிட்டால் அதைத் திரும்பக் காட்டச் சொல்லி யாரிடமும் கேட்க முடியாது.

இடைவேளையில் சீட்டை விட்டு எழுந்திருக்காமல் கிரவுண்டைப் பாருங்கள். சப்ஸ்டிட்யூட்களில் யார் மும்முரமாக ஓடிப் பயிற்சி எடுக்கிறாரோ அவர் இரண்டாம் பாதியில் இறங்க வாய்ப்பு அதிகம். ஒரு அணி ஐந்து பேர் வரைக்கும் மாற்றலாம், அறுபதாவது நிமிடத்துக்குப் பிறகு யார் வந்தார், அதனால் ஆட்டம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று கவனிப்பது தனி ருசி.

முடிந்த பிறகு

விசில் ஊதியதும் எழுந்து ஓடாதீர்கள். ஜெயித்தாலும் தோற்றாலும் ஆட்டக்காரர்கள் தங்கள் ரசிகர்கள் இருக்கிற பக்கம் வந்து கை தட்டிவிட்டுப் போவார்கள், விருந்தணி ஆட்களும் தங்கள் கூட்டத்தைத் தேடி வருவார்கள். கால் மணி நேரம் இருந்து அதைப் பார்த்துவிட்டு இறங்கினால் படிக்கட்டில் நெரிசலும் குறைந்திருக்கும். குழந்தைகளோடு போகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

மேட்ச் அன்றைக்கு மெட்ரோ ராத்திரி கூடுதல் நேரம் ஓடுவது வழக்கம், கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்ற அறிவிப்பை இரண்டு நாள் முன்னாலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வருகிற மெட்ரோ டிக்கெட்டைச் சாயங்காலம் வரும்போதே எடுத்துவிட்டால் கவுண்டர் வரிசையைத் தாண்டி நேராக மேலே போய்விடலாம். பஸ் பிடிக்கிறவர்கள் பஸ் நிலையம் இருக்கிற வைற்றிலா பக்கம் போகிற வண்டியில் ஏறுங்கள், கார் விட்டவர்கள் ஆலுவா. கார் ஓட்டுகிறவர் மட்டும் கிளம்புவதற்கு முன்னால் ஒரு டீ குடித்துவிட்டு அரை மணி நேரம் கண்ணை மூடட்டும், திருச்சூர் தாண்டினால் ரோடு நேராகத் தூக்கத்தில் இழுத்துக்கொண்டு போகும். யாராவது ஒருவர் முன் சீட்டில் விழித்திருந்து அவரிடம் பேசிக்கொண்டே வர வேண்டும், அன்றைக்கு யார் எந்த கோலை விட்டார் என்று பேச ஆரம்பித்தால் வாளையாறு வரைக்கும் பேச்சு ஓடும்.