பொன்னிற அமோனைட் பொடியாகாமல் இருக்க

அமோனைட் என்பது கல்லாகிப்போன பழங்காலக் கடலுயிரின் சுருள் ஓடு. பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமம் ஏறிப் பொன்போல மின்னும் அமோனைட்டைக் கொழும்பில் திறந்த தட்டில் வைக்காதீர்கள். இங்கே காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 70 சதவீதத்துக்கு மேல். 60ஐத் தாண்டினாலே பைரைட் ஈரத்தோடும் ஒட்சிசனோடும் தாக்கமுற்று இரும்புச் சல்பேற்றும் கந்தக அமிலமுமாகச் சிதையும். வெண்சாம்பல் பொடி, கந்தக வாடை, கருகினாற்போன்ற பெயர்ச்சீட்டு தெரிந்தால் உடனே மற்றவற்றிலிருந்து பிரித்துவிடுங்கள்.

றப்பர் விளிம்போடு இறுக மூடும் கண்ணாடிப் பெட்டி எடுங்கள். அடியில் ஈரத்தை உறிஞ்சும் செம்மஞ்சள் சிலிக்கா ஜெல் மணிகள், பெட்டியின் கொள்ளளவில் லீற்றருக்கு 20 கிராம். பக்கத்தில் சின்ன ஈரப்பதமானி. அது 50ஐ நெருங்கினால் ஜெல்லை 120 பாகை செல்சியஸில் இரண்டு மணிநேரம் உலர்த்தி, ஆறியபின் திரும்பப் போடுங்கள். நீல ஜெல்லில் நச்சான கோபால்ட் உண்டு, சமையலுக்குப் பயன்படும் மின்னடுப்பின் (oven) பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

வார்னிஷ் அடித்தால் தீர்ந்தது என்பார்கள். தீராது, உள்ளே சிக்கிய ஈரம் தன் வேலையைத் தொடரும். கழுவவும் கூடாது, உலர்ந்த மென்பிரஷ் போதும். பூசையறைச் சாளக்கிராமமும் பெரும்பாலும் அமோனைட்தான். அதில் பொன்வரி தெரிந்தால் அபிஷேகம் முடிந்ததும் நன்றாக உலர்த்துங்கள்.

விளக்கைப் பக்கவாட்டில் தாழ வையுங்கள், சுருளின் வரிமேடுகள் எடுப்பாகத் தெரியும்.