கணக்கு மூன்று, நாற்காலி ஒன்று: பொதுக் கணினியில் ரிமோட் டெஸ்க்டாப்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயில் அலுவலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேசையில் ஒரே விண்டோஸ் கணினி. பொருளாளர், செயலாளர், தமிழ் வகுப்பு ஆசிரியை மூவருக்கும் தனித்தனிக் கணக்கு. காவடி வரவுசெலவை முடிக்கப் பொருளாளர் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியாக, அதாவது தொலைவிலிருந்தே கணினியை இயக்கும் விண்டோஸ் வசதி வழியாக, உள்ளே வருகிறார். ஆசிரியையின் திரை பூட்டிக்கொள்கிறது. இது கோளாறு இல்லை. சாதாரண விண்டோஸில் கணக்கு எத்தனை இருந்தாலும் நாற்காலி ஒன்றுதான். பலர் ஒரே நேரத்தில் வேலை செய்ய விண்டோஸ் சர்வரும் அதற்குரிய உரிமங்களும் வேண்டும். இதை மீறுவதற்கென்று இணையத்தில் கிடைக்கும் ஒட்டுவேலை நிரல்களை நம்பாதீர்கள். ஒரு அப்டேட் வந்தாலே படுத்துவிடும்.

முதலில் பதிப்பைப் பாருங்கள். ஹோம் பதிப்பிலிருந்து வேறு கணினிக்குள் போகலாம், ஹோம் பதிப்புக்குள் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக யாரும் வர முடியாது. புரோ என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், ரிமோட் டெஸ்க்டாப் என்று போய் இயக்குங்கள். அட்மின் கணக்குகளுக்குத் தானாகவே அனுமதி உண்டு. மற்றவர்களின் பெயரை அதே பக்கத்தில் 'ரிமோட் டெஸ்க்டாப் யூசர்ஸ்' பட்டியலில் சேர்க்க வேண்டும். எல்லாரையும் அட்மின் ஆக்கிவிடுவது சோம்பேறி வழி. உறுப்பினர்களின் அடையாள எண்ணும் முகவரியும் உள்ள கணினியில் அது கூடவே கூடாது; 2021 ஜூலை முதல் போப்பியா என்ற தென்னாப்பிரிக்கத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் முழு அமலில் இருக்கிறது.

நுழைய மறுத்தால் முதலில் கடவுச்சொல்லைச் சந்தேகியுங்கள். கடவுச்சொல்லே இல்லாத கணக்கு மேசையில் திறக்கும், தொலைவிலிருந்து திறக்காது. நாலு இலக்க பின் எண்ணும் செல்லாது. மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் சைன்-இன் ஆப்ஷன்ஸில் 'விண்டோஸ் ஹலோ மட்டும்' என்ற பொத்தானை அணைத்து, மேசையில் ஒருமுறை முழுக் கடவுச்சொல்லோடு நுழையுங்கள். அதன் பிறகுதான் வெளியிலிருந்து ஏற்கும்.

இனி அந்த நாற்காலிச் சண்டை. வேறு கணக்கில் ஒருவர் இருக்கும்போது நீங்கள் நுழைந்தால், அவர் திரையில் அனுமதி கேட்டு ஒரு பெட்டி வரும். 30 விநாடிக்குள் அவர் மறுக்காவிட்டால் அவருடைய அமர்வு துண்டிக்கப்படும். டீ எடுக்கப் போயிருந்தால் அவ்வளவுதான். ஆனால் துண்டிப்பு வேறு, வெளியேற்றம் வேறு: அவர் திறந்து வைத்த நிரல்கள் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும்.

தொல்லை தொடங்குவதும் இங்கேதான். பொருளாளர் வேலை முடிந்ததும் மேலே உள்ள பெருக்கல் குறியை அழுத்திவிட்டுப் போகிறார். அது துண்டிப்புதான். மறுநாள் செயலாளர் அதே எக்செல் கோப்பைத் திறந்தால் 'வேறொருவர் பயன்படுத்துகிறார்' என்று பூட்டு. டாஸ்க் மேனேஜரில் யூசர்ஸ் பக்கத்தில் பொருளாளர் பெயருக்கு அருகே 'டிஸ்கனெக்டட்' என்று இருக்கும். அட்மின் அதை வலது சொடுக்கி வெளியேற்றலாம். சேமிக்காத வேலை போய்விடும், முதலில் ஒரு போன் போடுங்கள். வேலை முடிந்தால் ஸ்டார்ட் மெனுவில் 'சைன் அவுட்' என்பதைக் கோயில் விதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

ஹோம் பதிப்புக்காரர்களுக்கு எனிடெஸ்க் போன்ற தொலைவு இணைப்பு நிரல்கள் உண்டு. அவை மேசைத் திரையையே காட்டுகின்றன. மேசையில் இருப்பவர் நீங்கள் செய்வதையெல்லாம் பார்ப்பார். நிறுவாமல் ஓட்டினால் பயனர் மாறியதும் இணைப்பு போய்விடும். முறையாக நிறுவினால் லாகின் திரையும் தெரியும்.

ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்பின் வாசலான 3389 போர்ட்டை இணையத்துக்குத் திறந்து விடாதீர்கள். கடவுச்சொல்லை ஊகிக்கும் நிரல்கள் நாள் முழுக்க அந்தக் கதவைத் தட்டும். மொபைல் டேட்டா ரவுட்டரில் பெரும்பாலும் திறக்கவும் முடியாது, பொது முகவரி உங்களுக்கென்று தனியாகக் கிடைக்காது. உங்கள் கணினிகளை மட்டும் தனிப் பாதையில் இணைக்கும் டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் போதும். ஆனால் விண்டோஸில் அது நுழைந்த பயனரோடு கட்டுண்டது. 'ரன் அன்அட்டெண்டட்' என்பதைத் தேர்ந்தெடுக்காவிட்டால், ஒருவர் சைன் அவுட் செய்ததும் மற்றவர்களுக்கும் வழி அடைபடும்.

மின்சாரத்தையும் மறக்க வேண்டாம். லோட் ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு முன்போல இல்லாவிட்டாலும் கேபிள் திருட்டு இருக்கிறதே. கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்பான பயாஸில் 'மின்சாரம் திரும்பினால் இயங்கு' என்ற அமைப்பையும், பவர் அமைப்பில் ஸ்லீப் 'நெவர்' என்பதையும் வையுங்கள். ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் ஒரு சின்ன யுபிஎஸ்; வோல்ட் அளவை அடாப்டரில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.