தொடாமலே வீழ்த்தும் ஆசான்கள்: பார்க்கிற நாம் செய்யும் தவறுகள்

ஆசான் கையை அசைக்கிறார், எதிரே ஓடிவரும் ஏழெட்டுப் பேர் பொத்தென்று விழுகிறார்கள். இப்படிப்பட்ட வீடியோவில் எல்லாரும் ஆசானையே பார்க்கிறோம். முதல் தவறு அதுதான். விழுகிறவர்களைப் பாருங்கள், அநேகமாக எல்லாரும் அவருடைய சீடர்கள். காசு வாங்கி நடிக்கிறார்கள் என்று சொல்லவில்லை. வருடக்கணக்கில் ஆசான் கை நீட்டியதும் விழுந்து பழகிய உடம்பு, யோசிக்காமலே விழுந்துவிடும். விழாமல் நின்றால் மரியாதைக் குறைவு என்ற பயம் வேறு.

ஜப்பானைச் சேர்ந்த யானாகி ரியூகென் 'கி' என்ற உள்சக்தியால் சீடர்களைத் தொடாமலே உருட்டிக்கொண்டிருந்தார். 2006-இல் பந்தயப் பணம் வைத்து வெளியாளுக்குச் சவால் விட்டார். வந்து நின்ற எம்.எம்.ஏ. (பல சண்டைக் கலைகளைக் கலந்து மோதும் போட்டி) வீரர் இவாகுரா கோவுக்கு விழுந்தே ஆகவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் ரியூகெனின் முகத்தில் ரத்தம். எனக்கு அந்த மனிதர் மேல் பரிதாபம்தான். தெரிந்தே ஏமாற்றுகிறவர் இப்படிப் பணம் கட்டி அடி வாங்க வருவாரா? சீடர்கள் விழ விழ, அவரும் நம்பிவிட்டார் போல.

தோற்ற பிறகு வரும் சமாதானத்தை ஏற்பது அடுத்த தவறு. அமெரிக்காவின் ஜார்ஜ் டில்மனும் தொடாமல் மயக்கமடைய வைக்கலாம் என்றவர். நேஷனல் ஜியாகிரபிக் சேனல் படம்பிடித்த சோதனையில், நம்பாத ஒருவர் மேல் அது பலிக்கவில்லை. டில்மன் சொன்ன காரணங்கள்: அவருக்கு நம்பிக்கை இல்லை, நாக்கு வாய்க்குள் சரியான இடத்தில் இல்லாமல் இருந்திருக்கலாம், கால் பெருவிரலைத் தூக்கினாலும் சக்தி வேலை செய்யாது. சண்டைக்கு வருகிறவன் நாக்கை எங்கே வைத்திருப்பான் என்று யார் கண்டது! எது நடந்தால் தோல்வி என்று ஒப்புக்கொள்வீர்கள் என்பதைச் சோதனைக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு பக்கம், பார்ப்பதெல்லாம் பித்தலாட்டம் என்று தள்ளுவதும் சரியில்லை. கையால் கான்கிரீட் பலகையை உடைப்பது நிஜம், ஆனால் அதில் அமானுஷ்யம் எதுவும் இல்லை. கான்கிரீட்டை அமுக்கினால் தாங்கும், வளைத்தால் சட்டென்று விரிசல் விடும். இரண்டு முனையிலும் முட்டுக்கொடுத்து நடுவில் அடித்தால் அது வளைந்துதான் ஆகவேண்டும். எலும்பு அதைவிடப் பல மடங்கு உறுதியானது. தேர்ந்த கராத்தேக்காரரின் கையோ நொடிக்குப் பத்து மீட்டருக்கும் மேல் வேகத்தில் இறங்குகிறது. இதில் கவனிக்க வேண்டியது அடுக்கும் விதம். பலகைகளுக்கு நடுவே சின்னக் குச்சிகள் வைத்து இடைவெளி விட்டிருந்தால் ஒன்றன்பின் ஒன்றாக உடையும். ஒட்டி அடுக்கினால் அத்தனையையும் ஒரே நேரத்தில் வளைக்க வேண்டும், அது ரொம்பக் கஷ்டம். மரப்பலகை என்றால் பிளவு மரத்தின் ரேகையோட்டத்தின் வழியே போகும்படி வெட்டியிருப்பார்கள். புரூஸ் லீ 1964-இல் அமெரிக்காவின் லாங் பீச்சில், ஓர் அங்குலத் தூரத்திலிருந்தே குத்திக் காட்டிய ஓர் அங்குலக் குத்தும் இந்த வகைதான். காலும் இடுப்பும் சேர்ந்து தள்ளுகிற விசை அது. குத்து வாங்குகிறவர் போய் உட்கார, பின்னால் நாற்காலியும் தயாராக இருக்கும்.

2017-இல் சீனாவின் செங்டுவில், தாய் சி என்ற சீனத் தற்காப்புக் கலையின் ஆசான் வெய் லெய்யை, எம்.எம்.ஏ. வீரர் ஷு சியாவோடோங் அரை நிமிடத்துக்குள் வீழ்த்தினார். உடனே தாய் சியே பொய் என்று எழுதித் தள்ளினார்கள். எதிர்த்து அடிக்கிறவனோடு மோதிப் பழகாமல் மேடையேறினால் எந்தக் கலைக்காரரும் அப்படித்தான் விழுவார்.

நம்மூர் நோக்கு வர்மத்துக்கு வருவோம். பார்வையாலேயே ஆளைச் சாய்ப்பது சினிமாவில் பார்க்க நன்றாக இருக்கிறது. வெளியாள் முன்னால் நிரூபித்துக் காட்டட்டும், அப்புறம் பேசலாம். அதை வைத்து, கன்னியாகுமரிப் பக்கத்து ஆசான்கள் சுளுக்குக்கும் எலும்பு முறிவுக்கும் பார்க்கிற வைத்தியத்தையும் ஒரேயடியாகக் கேலி செய்ய வேண்டாம், அது வேறு விஷயம். வர்ம அடி (உடம்பின் நுட்பமான இடங்களில் அடிப்பது) எல்லாமே கட்டுக்கதை என்று நினைத்து நண்பன் கழுத்தில் விளையாட்டாகத் தட்டிப் பார்ப்பதும் வேண்டாம். கழுத்தின் பக்கவாட்டில் விழும் அடியால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி மயக்கம் வரும். அங்கே ரத்தக்குழாய் கிழிந்தால் பக்கவாதம்கூட வரலாம்.