பழைய ஃபைபர் படகு இழுக்கவில்லையா? கார்ப்ரேட்டரைக் கழற்றும் முன் இதையெல்லாம் பாருங்கள்

படகு வேகம் எடுக்கவில்லை என்றதும் எல்லோருக்கும் கை போவது கார்ப்ரேட்டருக்குத்தான். தொண்டிப் பக்கம் உறவினர் ஒருவரின் படகுக்கு நாங்களும் அதைத்தான் செய்தோம். 15 குதிரைத்திறன், இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின். இரண்டு நாள் பிரித்து மாட்டினோம். கடைசியில் பார்த்தால், பெட்ரோல் டியூபை எஞ்சினில் செருகும் முனையில் இருந்த ஓ-ரிங் தேய்ந்து, அந்த வழியாகக் காற்று உள்ளே போயிருக்கிறது. அதன்பிறகு எந்தப் படகாக இருந்தாலும் வெளியிலிருந்து உள்ளே என்ற வரிசையில்தான் பார்க்கிறேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது கோளாறு என்றே தெரியாமல் போய்விடும்.

1. என்ன செய்கிறது என்று முதலில் எழுதுங்கள்

"இழுக்கவில்லை" என்பது போதாது. எஞ்சின் சத்தம் ஏறுகிறது, ஆனால் படகு நகரவில்லையா? அப்படியானால் புரொப்பெல்லர் பக்கம் பாருங்கள். கைப்பிடியை முழுதாக முறுக்கியும் சத்தமே ஏறவில்லையா? எரிபொருள், பிளக், இல்லையென்றால் அதிகச் சுமை. பத்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டு அப்புறம் தளர்கிறதா? டாங்கியின் காற்றுத் திருகிலிருந்து தொடங்குங்கள்.

2. படகின் அடிப்பாகம், எடை

கரையேற்றிக் கையால் தடவிப் பாருங்கள். கொட்டலசும் (அடியில் ஒட்டி வளரும் ஓட்டுயிர்) பாசியும் மெல்லிய படலமாகப் படிந்திருந்தால்கூடச் சின்ன எஞ்சினுக்கு அது பெரிய பாரம். பழைய ஃபைபர் படகில் இன்னொன்றும் உண்டு: உள்ளே அடைத்த ஃபோம், விரிசல் வழியாக வருடக்கணக்கில் தண்ணீர் குடித்துக் கனத்துக் கிடக்கும். முன்பு நாலு பேர் தள்ளிய படகுக்கு இப்போது ஆறு பேர் வேண்டியிருக்கிறது என்றால் எஞ்சினைக் குறை சொல்லிப் பயனில்லை.

3. புரொப்பெல்லர்

தொடுவதற்கு முன் எஞ்சினை நிறுத்தி, எஞ்சினை அணைக்கும் கில் சுவிட்சின் கயிற்றைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இதில் மட்டும் அவசரம் வேண்டாம்.

இதழ் வளைந்திருக்கிறதா, தூண்டில் நரம்பு சுற்றியிருக்கிறதா பாருங்கள். பாக் நீரிணை போன்ற ஆழமில்லாத கடலில் கடல் புல்லும் சுற்றிக்கொள்ளும். வெளியே எல்லாம் சரி, ஆனாலும் நழுவுகிறது என்றால் நடுவில் இருக்கும் ரப்பர் புஷ் வழுக்கலாம். புஷ்ஷின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் வரை பெயிண்டில் ஒரே நேர்கோடு போட்டு ஒரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள். கோடு விலகியிருந்தால் கோளாறு அதுதான்.

புரொப்பெல்லருக்கு மேலே உள்ள தட்டையான தகடு, படகின் அடிமட்டத்துக்கு நேராகவோ சற்றுக் கீழாகவோ இருக்க வேண்டும். மேலே இருந்தால் புரொப்பெல்லர் காற்றை இழுத்துப் பிடிப்பை இழக்கும்.

4. எரிபொருள்

நேரத்தை இங்கேதான் செலவழிக்க வேண்டும். டாங்கி மூடியில் உள்ள காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? பிறகு டாங்கியின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடி பாட்டிலில் அரைமணி நேரம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் அதிகமாக இருந்தால் அடியில் தனியாகத் தெரியும். இப்போது நம் பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. அது கடலோர ஈரத்தை உறிஞ்சும், பழைய ரப்பர் டியூபின் உட்புறத்தையும் அரிக்கும். பழைய எஞ்சினுக்கு நாள்பட்ட பெட்ரோலை ஊற்றாதீர்கள். ஆயில் கலவையையும் கண்மட்டத்துக்கு விடாதீர்கள். 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. உங்கள் எஞ்சினுக்கான அளவு கையேட்டில் இருக்கும்.

அடுத்தது, பெட்ரோல் டியூபின் நடுவில் கையால் அமுக்கும் ரப்பர் பல்பு. எஞ்சின் தளரும் அந்த நொடியில் கூட இருப்பவரை அதை அமுக்கச் சொல்லுங்கள். உடனே வேகம் பிடித்தால், எரிபொருள் போதுமான அளவு வரவில்லை என்று அர்த்தம்: பம்பின் டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம், இல்லையென்றால் எங்கோ காற்று புகுகிறது. பல்பு தானாகச் சப்பையாகிக் கிடந்தால் அடைப்பு டாங்கிப் பக்கம். எல்லாவற்றையும்விட நல்ல சோதனை, பக்கத்துப் படகுக்காரரிடம் அதே கலவை உள்ள டாங்கியையும் டியூபையும் இரவல் வாங்கி மாட்டி ஓட்டிப் பார்ப்பது. எஞ்சின் சரியாக ஓடினால் உங்கள் டாங்கியிலோ டியூபிலோதான் பிரச்சினை.

மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின் என்றால் பெட்ரோலில் கிளப்பி, சூடேறிய பிறகே மாற்ற வேண்டும். நிறுத்துவதற்கு முன்பும் சிறிது நேரம் பெட்ரோலில் ஓட்டுங்கள். இதைத் தவறவிட்டால் பிளக் கரி பிடித்து, மறுநாள் கிளம்பவே மறுக்கும்.

இவ்வளவுக்கும் பிறகுதான் கார்ப்ரேட்டர். அதற்குள் பெட்ரோல் போகும் சின்னத் துளையுள்ள ஜெட்டை கிளீனர் ஸ்ப்ரேயும் காற்றும் வைத்துச் சுத்தம் செய்யுங்கள். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும், அப்புறம் அந்த ஜெட் உதவாது.

5. பிளக்

இரண்டையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இளம் பழுப்பு நிறம் நல்லது. ஒன்று மட்டும் கறுத்து ஈரமாக இருந்தால் அந்த சிலிண்டர் எரியவில்லை. பிளக்குகளை இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஈரமும் கூடவே இடம் மாறினால் பிளக் போய்விட்டது, அதே சிலிண்டரில் நின்றால் காயிலையோ வயரையோ பார்க்க வேண்டும். வெள்ளையாக வெளுத்திருந்தால் அதற்குமேல் ஓட்டவே வேண்டாம். எரிபொருளோடு சேர்ந்து ஆயிலும் குறைவாகப் போய்க்கொண்டிருக்கலாம், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

6. குளிர்நீர்

பின்பக்கத் துளையிலிருந்து தண்ணீர் விசையோடு பீய்ச்சுகிறதா? சொட்டினால் முதலில் நீர் உறிஞ்சும் வலையில் புல் அடைத்திருக்கிறதா பாருங்கள், பிறகு இம்பெல்லர், அதாவது தண்ணீரை மேலே ஏற்றும் ரப்பர் சக்கரம். ரப்பர் இதழ்கள் மடங்கிக் காய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். அதற்கு ஆகும் செலவு புதிய பிஸ்டனை ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

7. கேபிளும் சோக்கும்

எஞ்சினை நிறுத்திவிட்டுக் கைப்பிடியை முழுதாக முறுக்கும்போது கார்ப்ரேட்டர் வாய் முழுதாகத் திறக்கிறதா, சோக் முழுதாகப் பழைய நிலைக்குத் திரும்புகிறதா என்று கண்ணால் பாருங்கள்.

8. கம்ப்ரெஷன்

எதிலும் பிடிபடவில்லை என்றால் சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தத்தைக் கேஜ் வாங்கி அளக்கலாம். இரண்டு பிளக்கையும் கழற்றி, வயர்களை எஞ்சின் உடம்போடு எர்த் செய்து, முழுதாக முறுக்கிப் பிடித்துக் கயிற்றை நாலைந்து முறை இழுங்கள். எண்ணைவிட வித்தியாசம் முக்கியம். ஒரு சிலிண்டர் 110 psi காட்டி மற்றது 80-இல் நின்றால் ரிங்கோ கேஸ்கெட்டோ போயிருக்கிறது. அது கரையில் உட்கார்ந்து சரிசெய்யும் வேலை இல்லை. முதலில் எழுதிய தாளோடு இந்த இரண்டு எண்களையும் மெக்கானிக்கிடம் கொடுங்கள், அவர் கார்ப்ரேட்டரிலிருந்து தொடங்க மாட்டார்.