இறக்கை வழவழ, மூலை சொரசொர: ஸ்பிரே பெயின்டில் நான் கண்ட கோளாறு

விமான மாடலின் இறக்கை கண்ணாடி போல வந்தது. அது உடலோடு சேரும் மூலை மட்டும் உப்புத்தாள் மாதிரி சொரசொரத்தது. நான்கு நாள் வீண்.

முதலில் தூசியைச் சந்தேகித்தேன். பாகங்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, பெயின்ட் அடித்ததும் பெட்டிக்குள் மூடிக் காயவைத்தேன். பலனில்லை. 1000 எண் உப்புத்தாளால் நனைத்துத் தேய்த்து மறுபடி அடித்தால் அதே இடத்தில் அதே மணல். தடிமனாக அடித்து மூடப் பார்த்ததில் பேனல் கோடுகள் (மாடலின் மேல் செதுக்கிய மெல்லிய பள்ளங்கள்) நிரம்பியதுதான் மிச்சம்.

நகத்தால் சுரண்டியபோதுதான் துப்பு கிடைத்தது: சொரசொரப்பு பொடியாக உதிர்ந்தது. தூசி பெயின்டுக்குள் புதைந்து நிற்கும், இப்படி உதிராது. இது காற்றிலேயே பாதி காய்ந்துவிட்ட பெயின்ட் துளி. 30 செ.மீ. தள்ளி அடித்திருக்கிறேன், அதோடு, இறக்கையில் பட்டுத் தெறித்த பெயின்ட் புகை, முன்பே காயத் தொடங்கிய மூலையில் படிந்திருக்கிறது.

தீர்வு, அடிக்கும் வரிசையில் இருந்தது. முதலில் மூலைகளுக்குச் சின்னச் சின்னப் பீய்ச்சல், உடனே திறந்த பரப்பு. கடைசி வீச்சு ஈரமாக மூலையோரம் வரை போனால், அதன் கரைப்பான் தெறித்த துளிகளைக் கரைத்துச் சமன்செய்துவிடும். லாக்கர் பெயின்டில் (காய்ந்த பின்பும் தன் கரைப்பானில் கரையும் வகை) இது நன்றாக நடக்கிறது.

தூரம் 15 முதல் 20 செ.மீ. டப்பாவை 40 டிகிரி தண்ணீரில் 5 நிமிடம் வைத்து, 2 நிமிடம் குலுக்கினால் துளி நுண்மையாகும் (கொதிநீர், அடுப்பு கூடவே கூடாது, வெடிக்கும்). வீச்சைப் பாகத்துக்கு வெளியே தொடங்கி வெளியே முடிக்க வேண்டும். முதல் பூச்சு லேசான தூவல். 10 நிமிடம் கழித்து ஈரப் பூச்சு.